சாந்தாமணியின் இரண்டாவது கேசட்

சாந்தாமணி பாடகியானதற்குக் காரணம் கரண்ட் போனதுதான். வேறு யாரும் அதற்குப் பெருமை கொண்டாட வேண்டாம்.

1991 சித்திரை. கருமத்தம்பட்டியில் சுப்பண்ணன் என்பவரின் விசைத்தறிக் குடோன், இருபத்து நாலு தறி. அதில் நாலு தறியைச் சாந்தாமணி பார்த்துக்கொண்டாள். பதினாலு வயதில் தறிக்கு வந்தவளுக்கு அப்போது இருபத்தைந்து. கல்யாணமாகி ஒரு மகள் இருந்தாள். புருஷன் குமாரசாமி அதே குடோனில், தறியில் பாவு நூல் தீர்ந்தால் புது நூலைப் பிணைக்கிறவன். தறி ஓடும்போது அந்தக் கூரைமேல் இடி விழுந்தாலும் உள்ளே தெரியாது. அதனால் அங்கே யாரும் தொண்டையைச் செலவழிப்பதில்லை. உதட்டை அசைத்தால் போதும், நாலு தறி தள்ளி நிற்கிறவர் உதட்டிலேயே பதில் சொல்லிவிடுவார். டீ வந்தது, நூல் தீர்ந்தது, முதலாளி வருகிறார், பக்கத்து வீட்டுக்காரியின் மருமகள் கோபித்துக்கொண்டு போனது, எல்லாம் உதட்டில்தான்.

யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில்தான் அவள் பாடினாள். சினிமாப் பாட்டு இல்லை. தானாகக் கட்டிய பாட்டு, தானாகப் போட்ட மெட்டு. பக்கத்துத் தறிக்காரி சின்னாத்தாளின் வெற்றிலைப் பையைப் பற்றி ஒன்று, முதலாளியின் வண்டியைப் பற்றி ஒன்று என்று தினம் ஏதாவது வரும். தறிச் சத்தத்துக்கு மேலே தன் குரல் தன் காதுக்கு எட்ட வேண்டுமே, அதனால் அடிவயிற்றிலிருந்து இழுத்துப் பாடுவாள். அன்றைக்கும் அப்படித்தான் பாடிக்கொண்டிருந்தாள். கரண்ட் போனது. இருபத்து நாலு தறியும் நின்றன, பாட்டு நிற்கவில்லை.

"எங்க மொதலாளி மொப்பெட்டு வாங்குனாரு,
பாதி வழி அது அவரச் சொமக்குது,
மீதி வழி அவரு அதச் சொமக்குறாரு!"

வாசலில் சுப்பண்ணனே நின்றுகொண்டிருந்தார். சாந்தாமணியின் முகத்தில் ஈயாடவில்லை. சுப்பண்ணன் துண்டை எடுத்துத் தோளில் தட்டிப் போட்டுக்கொண்டு, "இன்னொருக்கா பாடு அம்மணி, கரண்ட் வாரதுக்குள்ள" என்றார்.

அன்று தொடங்கியது. முதலில் சுப்பண்ணன் வீட்டுப் பெண் வயசுக்கு வந்த தெரட்டிச் சீர். பிறகு சோமனூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். பிறகு அக்கம்பக்கத்து மாரியம்மன் நோம்பித் திருவிழாக்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பட்டறையில் லேத்துக் கடைசல் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கீபோர்டு வாசிக்கிற பாலுசாமி ஒரு சீர் வீட்டில் இவள் பாட்டைக் கேட்டான். கேட்டவன் அதற்கப்புறம் விடவில்லை. ராகம் தாளம் என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. இவள் பாடினால் அவன் பின்னாலேயே விரலை ஓட்டிப் பிடித்துக்கொள்வான்.

1993-இல் முதல் கேசட் வந்தது. கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கத்துச் சந்து ஒன்றில் சிக்கந்தர் பாய் வைத்திருந்த ரெக்கார்டிங் கடையில் பதிவு செய்தார்கள். கண்ணாடித் தடுப்புப் போட்ட ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் சாக்குத் துணி. சிக்கந்தர் பாய் தங்கமான மனுஷர், ஆனால் வியாபாரி. "தங்கச்சி, வார்த்தை உன்னுது இருக்கட்டும், மெட்டு மட்டும் சினிமா மெட்டா வெச்சுக்கலாம். சட்டுனு ஓடும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார்.

சாந்தாமணி அசைந்து கொடுக்கவில்லை. "வார்த்தைய வேணும்னா வேற யாராச்சும் எழுதிக்கட்டும் பாய். மெட்டு மட்டும் எம்படதாத்தான் இருக்கோணும்" என்றாள்.

படிக்காத தறிக்காரிக்கு இவ்வளவு வீம்பா என்று கேட்டவர்கள் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே. அவள் நெய்த நூல், ஓட்டிய தறி, இருந்த வீடு எல்லாமே இன்னொருவருடையது. கழுத்துத் தாலியைக்கூட மாமியார் ஒருமுறை அடகுக்குக் கேட்டாள். மெட்டு ஒன்றுதான் யாரும் கேட்காதது. அந்த ஒன்றில் அவள் விட்டுக்கொடுக்கமாட்டாள்.

கேசட் ஓடத்தான் செய்தது. அவிநாசி ரோட்டு டவுன் பஸ்களில், பேக்கரிகளில், தறிக்குடோன் வாசல் டீக்கடைகளில் அந்த மொப்பெட்டுப் பாட்டைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. சாந்தாமணிக்கோ ஒரு வருஷத்திலேயே சிரிப்புப் பாட்டு அலுத்துவிட்டது. சின்னாத்தாளின் மகள் வரதட்சணைத் தகராறில் கிணற்றில் விழுந்து செத்தபோது, வெற்றிலைப் பைப் பாட்டைப் பாடிய அதே வாயால் அவள் வேறொரு பாட்டுக் கட்டினாள். சத்தமில்லாத, மெல்ல இழுக்கிற பாட்டு. பாலுசாமி அதைக் கேட்டுவிட்டுக் கீபோர்டைப் பெட்டியில் வைத்து மூடினான். "இதுக்கு வாசிக்க எனக்குத் தெரியாதுங்கக்கா, பழகிட்டு வாரேன்" என்று போய்விட்டு அடுத்த வாரம் வந்தான்.

அப்படி மூன்று வருஷத்தில் ஒன்பது பாட்டுச் சேர்ந்தது. ஒன்பதும் வேறு ஜாதி. பாலுசாமிக்கு ஒன்பதும் விரலில் ஏறிவிட்டது. இரண்டாவது கேசட்டில் இவற்றோடு இன்னொன்றும் சேர்த்துப் பத்தாகப் போட வேண்டும், பத்தும் தன் மெட்டாக இருக்க வேண்டும். சாந்தாமணிக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. புடவைகூட வாங்கிக்கொள்ளாமல் அதற்காகச் சேர்த்தாள்.

1996 தை மாதம், பத்தாவது பாட்டு வரும்போது வரட்டும் என்று, இருக்கிற ஒன்பதுக்குச் சிக்கந்தர் பாய் கடையில் பதிவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாயும் பாலுசாமியும், இந்தப் பக்கம் காதில் ஹெட்போனோடு சாந்தாமணி. இரண்டாவது பாட்டு முடிந்ததும் பாய் பாலுசாமியிடம் திரும்பி, "ஏன் இன்னைக்கு மூக்குல பாடுது?" என்றார்.

"மூக்குல பாடலீங்க பாய். சளி புடிச்சிருக்குது" என்று கண்ணாடி அறைக்குள்ளிருந்து சாந்தாமணியின் பதில் வந்தது.

பாய் சிரித்துக்கொண்டே மேஜையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அறைக்குள் குரல் போக வேண்டுமானால் அழுத்த வேண்டிய சுவிட்சை அவர் அழுத்தவே இல்லை. அவர் பேசியது அறைக்குள் போயிருக்க வழியே இல்லை. பாய் முப்பது வருஷமாகக் காதை வைத்துப் பிழைக்கிறவர். நாற்காலியைத் திருப்பி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சுவிட்சை அழுத்தி, "சாந்தாமணி, அடுத்த பாட்டுப் போலாமா?" என்று கேட்டார். பதில் இல்லை. சத்தத்தைக் கூட்டி வைத்து மறுபடி கேட்டார். அவள் பாயின் முதுகையே பார்த்துக்கொண்டு, அவர் எப்போது திரும்புவார் என்று பொறுமையாக நின்றிருந்தாள்.

இப்படி ஒரு கூத்து வேறு எந்தத் தொழிலில் நடக்கும்? ஒரு மனுஷியின் காது வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது, அது அவளுக்கே தெரியவில்லை. தறிக்குடோனில் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசுகிறவர்கள். அங்கே காது கேட்கிறவளுக்கும் கேட்காதவளுக்கும் என்ன வித்தியாசம்? வீட்டில் குமாரசாமியும் தறிக்காரன். முகத்தைப் பார்க்காமல் பேசுகிற பழக்கமே அவனுக்கு இல்லை. மகள் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பதில் வராதபோதெல்லாம், அம்மா மனசுக்குள் பாட்டுக் கட்டுகிறாள் என்று வீடே நினைத்துக்கொண்டது.

காது டாக்டர் அவளைப் பெட்டி மாதிரியான ஓர் அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். பிறகு ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். கோடு மேலே தொடங்கிக் கிணற்றுப் படிபோல இறங்கியது. காது நரம்பு செத்துவிட்டது, செத்தது திரும்பாது, தறியை உடனே விட்டால் மிச்சமிருப்பது கொஞ்ச நாள் தங்கலாம் என்றார். குமாரசாமியைப் பார்த்து, "காதுல பஞ்சாவது வெச்சிருக்கக் கூடாதா?" என்றும் கேட்டார்.

வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சின்னாத்தாள் இருபது வருஷமாகக் கழிவு நூலை உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டுதான் தறி பார்த்தாள். சாந்தாமணியிடமும் நீட்டியிருக்கிறாள். சாந்தாமணி வாங்கவில்லை. காதை அடைத்தால் தான் பாடுவது தனக்குக் கேட்காதே! பாட்டைக் கேட்க வேண்டுமென்றுதான் பதினாறு வருஷம் காதைத் திறந்து வைத்திருந்தாள். டாக்டர் கேட்டதும் இது அவளுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதாள்.

தறியை விட்டாள். ஓர் எருமையை வாங்கிக் கட்டி, சொசைட்டிக்குப் பால் ஊற்றினாள். வெளியே தறி நின்றதே தவிரக் காதுக்குள் நிற்கவில்லை. ராத்திரி பகல் என்று பார்க்காமல் உள்ளே இரைந்துகொண்டே இருந்தது. இருந்தும் பாட்டை விடவில்லை. பாலுசாமியிடமும் பாயிடமும் "வெளிய மூச்சு உடாதீங்க" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஞாபகத்தில் மெட்டு இருக்கிறது, தொண்டை இருக்கிறது, அப்புறம் என்ன என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கு பங்குனி மாதம் ஒரு மாரியம்மன் நோம்பியில் தப்பாகிப் போனது. சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே மேடையேறிவிட்டாள். முதல் பாட்டு முடிந்தது, கை தட்டினார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில், கூட்டத்தில் ஐந்தாறு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் உதட்டை அவள் கண் தற்செயலாகப் பிடித்தது. அந்த அம்மா பக்கத்தில் இருந்தவளின் காதோரம் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாவம், எப்பிடிப் பாடீட்டிருந்த புள்ள. சுதி எங்கியோ போவுது, இவ எங்கியோ போறா. யாரும் சொல்லிப்போடாதீங்க, மனசு நொந்துக்கும்."

பக்கத்தில் இருந்தவள், "போன நோம்பியிலயே அப்பிடித்தானுங்க இருந்துச்சு" என்றாள்.

போன நோம்பியிலேயே! அதற்கப்புறம் எத்தனை மேடை, எத்தனை சீர், எத்தனை பேர் கையைப் பிடித்துக்கொண்டு "அருமைங்க, அருமைங்க" என்று சொல்லியிருக்கிறார்கள்! நம் ஊர் மரியாதை இருக்கிறதே, அது ஆளைக் குழிக்குள் தள்ளும்போதுகூட "பாத்துப் போங்க" என்றுதான் சொல்லும். சாந்தாமணி பாட்டை நிறுத்தவில்லை. கடைசி வரி வரை பாடிவிட்டு, கும்பிட்டுவிட்டு இறங்கினாள். எப்போதையும்விட அதிக நேரம் கை தட்டினார்கள். அந்தக் கைகள் ஆடுவதை அவள் பார்த்தாள். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை.

இரண்டாவது கேசட் மட்டும் பாக்கி. சிக்கந்தர் பாய் யோசனை சொன்னார். ஆர்க்கெஸ்ட்ராவில் பாடுகிற வஞ்சிக்கொடி என்றொருத்தி இருக்கிறாள், நல்ல குரல், அவளைப் பாடவைக்கலாம். அட்டையில் பாட்டும் மெட்டும் சாந்தாமணி என்று பெரிதாகப் போடலாம். சாந்தாமணி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு ஒப்புக்கொண்டாள். குரல் போனால் போகட்டும், மெட்டாவது மிஞ்சும். ஒன்பது பாட்டையும் பாலுசாமி கீபோர்டில் வாசித்தான், வஞ்சிக்கொடி நூல் பிசகாமல் பிடித்துக்கொண்டாள். அவற்றைப் பற்றிக் கவலை இல்லை.

கவலை பத்தாவது பாட்டைப் பற்றித்தான். அது தறியை விட்ட பிறகு, ஐப்பசி மழையில் அவள் கட்டியது. மழை கொட்டிக்கொண்டிருப்பது தெரியாமல் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறாள். மகள் ஓடிவந்து தோளைத் தொட்டுக் கொடித்துணியைக் காட்டினாள். அன்று வந்த பாட்டு.

"மழ வந்தா சொல்லு கண்ணு,
மண்ணு நனஞ்சா நானறிவேன்.
கூப்பிடுறதுன்னா தொட்டுக் கூப்பிடு,
கொரலு இப்ப வாரதில்ல."

அவள் கட்டியதிலேயே அதுதான் உசத்தி என்று அவளுக்குத் தெரியும். மெட்டு மண்டைக்குள் பளிச்சென்று இருந்தது. 'கூப்பிடுறதுன்னா' என்ற இடத்தில் குரல் மேலே போய், மூச்சு முட்டுகிற வரை அங்கேயே நின்று, பிறகு ஒரேயடியாக விழும். ஆனால் அந்த மெட்டை வேறு யாரும் கேட்டதில்லை. அவள் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு.

பெரியநாயக்கன்பாளையத்தில் பாலுசாமி வீட்டு முன்னறையில் பாடிக் காட்டினாள். பாலுசாமியும் வஞ்சிக்கொடியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். பாடினாள். மூன்றாம் தடவையும் பாடினாள். பாலுசாமி கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"மூணு வாட்டியும் மூணு மாதிரி வருதுங்கக்கா. இதுல உங்க மெட்டு எதுங்க?"

சாந்தாமணிக்கு மண்டைக்குள் இருந்தது ஒன்றுதான். அதைத்தான் மூன்று தடவையும் பாடினாள். தொண்டை அவளுக்குத் தெரியாமல் வழியில் எதையோ மாற்றிக்கொண்டு போயிருக்கிறது. இன்னும் பத்து தடவை பாடினாலும் பத்து மாதிரி வரும். கையை மேலே தூக்கிக் காட்டினாள், இறக்கிக் காட்டினாள், சுவரில் கரியால் மேடு பள்ளம் வரைந்தாள். அன்று முழுக்க மூவரும் அதோடு மல்லுக்கட்டினார்கள். கடைசியில் பாலுசாமி அந்த மூன்றிலிருந்தும் எடுத்துக் கோத்து ஒன்றை வாசித்தான். அவன் மனசாரச் செய்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைக்கு அதிர்வு வந்தது. அதில் மெட்டு இல்லை.

1997 தை மாதம், ஒரு காலை. பதிவுக்குக் குமாரசாமியும் கூட வந்தான். இந்தத் தடவை சாந்தாமணி கண்ணாடிக்கு வெளியே, பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே வஞ்சிக்கொடி. பாய் எதற்கும் சரியாக வரட்டும் என்று அந்தப் பத்தாவது பாட்டை மட்டும் ஏழெட்டு தடவை எடுத்தார். குமாரசாமி ஒரு மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். கேட்கக் கேட்கத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பாயும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாந்தாமணிக்குக் குரல் வந்தது. ஈரச் சுவருக்கு அப்பால் யாரோ பேசுகிற மாதிரி வந்தது. ஏற்றமும் இறக்கமும் வரவில்லை. அவள் வஞ்சிக்கொடியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை.

'கூப்பிடுறதுன்னா' வந்தது. மூச்சு முட்டுகிற வரை நிற்க வேண்டிய அந்த இடத்தில் வஞ்சிக்கொடியின் உதடு இரண்டு நொடியில் மூடிக்கொண்டது. அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே மாதிரி மூடிக்கொண்டது.

சாந்தாமணிக்குத் தெரிந்துவிட்டது. இது தன் மெட்டு இல்லை. எதுவென்று தெரியாது, நன்றாகக்கூட இருக்கலாம், இதோ இரண்டு ஆண்பிள்ளைகள் அழுகிறார்கள். ஆனால் தன்னுடையது இல்லை.

வஞ்சிக்கொடி வெளியே வந்து, எதிரே குனிந்து, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "சரியா வந்துச்சுங்களா அக்கா? உங்க மெட்டுத்தானுங்களே? தப்புன்னா சொல்லிப்போடுங்க, இன்னொருக்கா பாடறேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் எது சரி என்று கேட்பார்கள். பாடிக் காட்ட வேண்டும். பாடினால் நாலாவதாக ஒன்று வரும்.

"அப்படியே வந்துச்சு கண்ணு" என்றாள் சாந்தாமணி. "எம்பட மெட்டேதான்."

பாலுசாமி பெருமூச்சு விட்டுச் சிரித்தான். பாய் பெட்டியை நிறுத்தினார். டீ வந்தது, குடித்தார்கள்.

மத்தியானம் காந்திபுரத்தில் பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் சாந்தாமணி, பக்கத்தில் குமாரசாமி. சிங்காநல்லூர் பிரிவு தாண்டும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு முனகத் தொடங்கினாள். வார்த்தை இல்லை, மெட்டு மட்டும். தன் மண்டைக்குள் இருந்ததை, மூச்சு முட்டுகிற இடத்தில் மூச்சு முட்ட நின்று, விழ வேண்டிய இடத்தில் விழுந்து, முழுசாகப் பாடினாள். மெல்ல முனகுகிறோம் என்று அவள் நினைத்தாள். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். குமாரசாமி அவளைத் தடுக்கவில்லை. முடிகிற வரை இருந்துவிட்டுத் தோளைத் தொட்டான். அவள் கண்ணைத் திறந்து அவன் உதட்டைப் பார்த்தாள்.

"நல்லாருக்குதே புள்ள. இது எந்தப் பாட்டு? புதுசா?"

காலையிலிருந்து அதே பாட்டை ஏழெட்டு தடவை கேட்டு அழுதவன் அவன்.



"ஆமாங்க" என்றாள். "இன்னும் வார்த்த கட்டல."